மின்பகுப்பில் அயனிகளை உண்மையில் நகர்த்துவது எது? மின்வாய் "இழுக்கிறது" என்பது சரிதானா?

மாணவி_பன்னிரண்டு:

எல்லோருக்கும் வணக்கம். பாடத்தில் உள்ள ஒரு வரியைப் பற்றிக் கேட்க வந்தேன். "நேர் அயனிகள் எதிர்மின்வாயை நோக்கியும் எதிர் அயனிகள் நேர்மின்வாயை நோக்கியும் நகர்கின்றன." இதை எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். ஆனால் யோசிக்க யோசிக்க எதுவும் ஒட்டவில்லை.

காப்பர் சல்பேட் கரைசலில் இரண்டு செம்புத் தகடுகளை நிறுத்தி சுவிட்சைப் போட்டால், போட்ட கணமே அம்மீட்டர் முள் நகர்கிறது. அயனிகள் மிக மெதுவாகப் போகும் என்று அதே பாடம் சொல்கிறது. மெதுவாகப் போனால் முள் எப்படி உடனே நகரும்?

அப்புறம், செம்பு அயனிகள் எல்லாம் ஒரு பக்கமும் சல்பேட் எல்லாம் மறுபக்கமும் போய்விட்டால் நடுவில் வெறும் தண்ணீர்தானே மிஞ்ச வேண்டும்? நான் பார்த்தவரை நடுவில் நீலம் அப்படியே இருக்கிறது.

மூன்றாவதுதான் என்னை ரொம்பக் குழப்புகிறது. துத்தநாகமும் செம்பும் கொண்டு மின்சாரம் தரும் டேனியல் கலத்தில் செம்புத் தகடு நேர் முனை. அங்கேயும் நேர் அயனிகள் அந்தச் செம்பை நோக்கித்தான் போகின்றன. நேரும் நேரும் விலக்க வேண்டாமா?

கம்பிவழி:

முதல் கேள்விக்குப் பதில் எளிது. மின்னோட்டம் என்றால் எலக்ட்ரான் ஓட்டம். எலக்ட்ரான்கள் எதிர்மின்வாயிலிருந்து கரைசலுக்குள் இறங்கி, அயனிகள் மீது ஏறிக்கொண்டு மறுபக்கம் போய்ச் சேர்கின்றன. அதனால்தான் உடனே ஓடுகிறது.

வேதிக்கிறுக்கு:

இல்லை நண்பரே, இதை இப்போதே திருத்திவிட வேண்டும். இல்லையென்றால் இழை முழுக்க இந்தப் படமே மனதில் நிற்கும். நீர்க்கரைசலில் எலக்ட்ரான் தனியாக நீந்திப் போவதில்லை. கம்பியின் வேலை மின்வாயின் விளிம்போடு முடிந்துவிடுகிறது. அங்கே ஒரு செம்பு அயனி இரண்டு எலக்ட்ரான்களை வாங்கிக்கொண்டு செம்பாகிறது. மறு மின்வாயில் ஒரு செம்பு அணு இரண்டு எலக்ட்ரான்களைக் கம்பியிடம் விட்டுவிட்டு அயனியாகிக் கரைசலுக்குள் வருகிறது. இங்கே வாங்கிய எலக்ட்ரானும் அங்கே விட்ட எலக்ட்ரானும் ஒன்றல்ல. நடுவில் உள்ள கரைசலில் மின்னூட்டத்தைச் சுமப்பவை அயனிகள் மட்டுமே. "அயனி மீது எலக்ட்ரான் ஏறிப் போகிறது" என்றால் செம்பு அயனி எதிர்த் திசையில் அல்லவா போக வேண்டும்?

கம்பிவழி:

சரி, ஒப்புக்கொள்கிறேன். கம்பிக்குள் நடப்பதை அப்படியே கரைசலுக்கும் நீட்டிவிட்டேன். அப்படியானால் முள் ஏன் உடனே நகர்கிறது என்று எனக்கும் இப்போது தெரிய வேண்டும்.

இயற்பியல்பக்கம்:

தங்கையின் முதல் கேள்வியை நான் எடுத்துக்கொள்கிறேன்.

தண்ணீர் நிறைந்திருக்கும் நீண்ட ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள். இந்த முனையில் குழாயைத் திறந்த உடனே அந்த முனையில் தண்ணீர் கொட்டும். இங்கே நுழைந்த தண்ணீர் அங்கே போய்ச் சேர்ந்ததால் அல்ல, அங்கே ஏற்கெனவே தண்ணீர் இருந்ததால். கரைசலும் அப்படித்தான். சுவிட்சைப் போட்டதும் மின்புலம் கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில் கலம் முழுவதும் பரவிவிடுகிறது. எந்த அயனியும் ஒரு தகட்டில் கிளம்பி மறு தகடு வரை ஓட வேண்டியதில்லை. கரைசலில் உள்ள எல்லா அயனிகளும் இருந்த இடத்திலிருந்தே, ஒரே நேரத்தில், துளித்துளியாக நகரத் தொடங்குகின்றன. தகட்டை ஒட்டி நின்றவை அங்கே வினைபுரிகின்றன.

வேகத்தையும் சொல்லிவிடுகிறேன், அதைக் கேட்டால்தான் வியப்பே வரும். 25 டிகிரி செல்சியஸில், மிக நீர்த்த கரைசலில், சென்டிமீட்டருக்கு 1 வோல்ட் என்ற புலத்தில் சோடியம் அயனி நொடிக்குச் சுமார் 5 மைக்ரோமீட்டர் நகர்கிறது. செம்பு அயனி 5.6, பொட்டாசியம் 7.6, குளோரைடு 7.9, சல்பேட் 8.3. மணிக்கு இரண்டு, மூன்று சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் ஒரு பொடி வைத்திருக்கிறேன். அதே சோடியம் அயனி, புலமே இல்லாதபோதும் வெப்பத்தால் அங்குமிங்கும் அலைகிறது. மோதலுக்கும் மோதலுக்கும் நடுவில் அதன் வேகம் நொடிக்கு 500 மீட்டருக்கும் மேல். புலம் கொடுக்கும் நகர்வைவிட இது பத்து கோடி மடங்கு பெரியது. அதாவது அயனி எதிர்மின்வாயை நோக்கி "ஓடுகிறது" என்று படம் போடவே கூடாது. அது எல்லாப் பக்கமும் முட்டி மோதித் தள்ளாடுகிறது. அந்தத் தள்ளாட்டத்தில் ஒரு பக்கமாக மிக மெல்லிய சாய்வு விழுகிறது. அந்தச் சாய்வைத்தான் நாம் மின்னோட்டமாக அளக்கிறோம்.

இவ்வளவு மெதுவாக நகர்ந்தும் அம்மீட்டர் காட்டும் அளவுக்கு மின்னோட்டம் எப்படி வருகிறது? எண்ணிக்கையால். 0.1 மோலார் காப்பர் சல்பேட்டில் ஒரு கன சென்டிமீட்டருக்குள் ஆறு லட்சம் கோடி கோடி செம்பு அயனிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் நத்தையைவிட மெதுவாகப் போனாலும் கூட்டம் பெரியது.

சும்மாகேட்கிறேன்:

நேர் அயனி ஒரு பக்கம் போகிறது, எதிர் அயனி எதிர்ப்பக்கம் போகிறது. இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மின்னோட்டம் பூச்சியம் ஆகிவிடாதா?

இயற்பியல்பக்கம்:

ஆகாது. வலப்பக்கம் போகும் நேர் மின்னூட்டமும் இடப்பக்கம் போகும் எதிர் மின்னூட்டமும் ஒரே திசை மின்னோட்டம்தான். கையிருப்பு கூடுவதும் கடன் குறைவதும் ஒரே திசையில் கணக்கைத் தள்ளுவது போல. இரண்டும் கூடும்.

பழைய_ஆய்வகம்:

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். முப்பது வருடம் மின்முலாம் தொட்டிகளோடு பழகியவன். அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்று. கரைசலின் எந்த மூலையிலும் நேர் அயனிகள் மட்டும் கூட்டமாகச் சேர முடியாது. ஏன் முடியாது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு லிட்டர் கரைசலில் ஒரு மோல் ஒற்றை மின்னூட்ட நேர் அயனிகள் இருக்கின்றன. அதில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மட்டும் துணையான எதிர் அயனி இல்லை என்று வைத்துக்கொள்வோம். மிஞ்சும் மின்னூட்டம் சுமார் 0.1 கூலும். ஒரு லிட்டர் அளவுள்ள கோளத்தில் அந்த மின்னூட்டத்தை ஏற்றினால் அதன் மின்னழுத்தம் ஆயிரம் கோடி வோல்ட்டைத் தாண்டும். மேசை மேல் இருக்கும் பீக்கரில் அது நடக்குமா? அப்படி ஒரு சமமின்மை தலையெடுக்கும் முன்பே புலம் அதைச் சரிக்கட்டிவிடும். ஆகவே கரைசல் எங்கே தொட்டாலும் மின்நடுநிலையோடுதான் இருக்கும். தகட்டை ஒட்டிய சில நானோமீட்டர் அடுக்கு மட்டும் விதிவிலக்கு.

இப்போது செம்புத் தகடுகளுக்கு நடுவில் உள்ள காப்பர் சல்பேட்டைப் பாருங்கள். ஒரு மோல் செம்பு எதிர்மின்வாயில் படியும் அளவுக்கு மின்னோட்டம் செலுத்துகிறோம். 2 ஃபாரடே, அதாவது சுமார் 1,93,000 கூலும். அந்த ஒரு மோல் செம்பு அயனியும் புலத்தால் நகர்ந்து எதிர்மின்வாய்க்கு வந்தது என்றுதானே நினைக்கிறோம்? இல்லை! மின்னோட்டத்தைச் செம்பும் சல்பேட்டும் பங்கிட்டுச் சுமக்கின்றன. நீர்த்த கரைசலில் செம்பின் பங்கு சுமார் 0.4, சல்பேட்டின் பங்கு 0.6. எனவே புலத்தால் எதிர்மின்வாய்ப் பக்கம் வந்து சேர்ந்தது 0.4 மோல் செம்பு மட்டும். படிந்ததோ 1 மோல். மீதி 0.6 மோல் அந்தப் பக்கத்தில் ஏற்கெனவே இருந்த கையிருப்பிலிருந்து போனது. அதே நேரத்தில் 0.6 மோல் சல்பேட் அந்தப் பக்கத்தைவிட்டு வெளியேறியிருக்கிறது. கழித்துப் பாருங்கள்: செம்பு 0.6 குறைந்தது, சல்பேட்டும் 0.6 குறைந்தது. மின்நடுநிலை கொஞ்சமும் கெடவில்லை. கரைசல் மட்டும் நீர்த்துவிட்டது. நேர்மின்வாய்ப் பக்கம் இதற்கு நேர்மாறு. தகட்டிலிருந்து 1 மோல் செம்பு கரைந்து வருகிறது, 0.4 கிளம்பிப் போகிறது, 0.6 சல்பேட் வந்து சேர்கிறது. அங்கே கரைசல் அடர்கிறது. நடுவில்? ஒரு பக்கம் எவ்வளவு வந்ததோ அவ்வளவு மறுபக்கம் போகிறது. அதனால் நடுவில் எதுவும் மாறவில்லை. தங்கை பார்த்த நீலம் அப்படியே நின்றதற்குக் காரணம் இதுதான்.

இதைக் கண்ணால் பார்க்கலாம். ஒடுக்கமான கண்ணாடித் தொட்டியில் கரைசலை அசையாமல் வைத்து, பின்னால் ஒரு விளக்கை வைத்துவிட்டு, தகட்டின் ஓரமாகக் குனிந்து பாருங்கள். எதிர்மின்வாயை ஒட்டி, கானல் போல நெளியும் மெல்லிய இழை ஒன்று மேலே ஏறும். செம்பு குறைந்து லேசான கரைசல் அது. நேர்மின்வாயை ஒட்டி அதே போன்ற நெளிவு கீழே இறங்கும். அடர்த்தி கூடிய கரைசல் அது. கொஞ்ச நேரம் விட்டால் தொட்டியின் அடியில் நீலம் கெட்டியாகவும் மேலே வெளிறியும் தெரியும். முதன்முறை பார்த்தபோது அரை மணி நேரம் அந்த இடத்தைவிட்டு நான் எழவே இல்லை.

இந்தப் பங்குக் கணக்கை முதலில் அளந்து சொன்னவர் ஹிட்டார்ஃப். 1853இல் தொடங்கிய ஆய்வு. மின்வாயைச் சுற்றியுள்ள கரைசலைத் தனியாக எடுத்து, செறிவு எவ்வளவு மாறியது என்று பார்த்து, யார் எவ்வளவு சுமந்தார்கள் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டார். அந்தக் காலத்தில் நேர் அயனியும் எதிர் அயனியும் சம வேகத்தில் போகும் என்பதே பலரின் எண்ணம்.

மாணவி_பன்னிரண்டு:

ஐயா, மூன்று தடவை படித்தேன். 0.4 வருகிறது, 1 போகிறது என்பது புரிந்துவிட்டது. ஆனால் அப்படியே போனால் எதிர்மின்வாய்ப் பக்கம் செம்பு ஒருநாள் தீர்ந்துவிடுமே? மீதியை யார் கொண்டுவந்து கொடுப்பார்கள்?

பழைய_ஆய்வகம்:

நல்ல கேள்வி, அம்மா. மீதியைக் கொண்டுவருவது விரவல். செறிவு கூடிய இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குத் தானாகப் பரவுவது. அதோடு நான் சொன்ன அந்த நெளிவு ஓட்டமும், நாம் கலக்கிவிடுவதும் சேரும். மின்புலத்தால் நகர்வது, விரவல், கரைசலே ஓடுவது என்று மூன்று வழிகளில் அயனி தகட்டை அடைகிறது. பாடத்தில் முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறோம்.

அந்த மற்ற இரண்டும் போதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு என் கதை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், சீக்கிரம் முடிக்கலாமே என்று மின்னோட்டத்தை இரண்டு மடங்குக்கும் மேல் ஏற்றிவிட்டேன். கலக்கவும் இல்லை. தகட்டை வெளியே எடுத்தபோது ரோஜா நிறச் செம்புக்குப் பதிலாக, விரலில் கரி போல ஒட்டும் கருஞ்சிவப்புத் தூள். ஓரங்களில் குட்டி குட்டியாகக் கிளைகள். விரவல் கொண்டுவந்து கொடுக்கும் வேகத்தைவிட நான் வேகமாகப் பிடுங்கியிருக்கிறேன். தகட்டை ஒட்டிய மெல்லிய படலத்தில், கலக்காதபோது அது மில்லிமீட்டரில் சில பத்தில் ஒரு பங்கு தடிமன் இருக்கும், செம்பு கிட்டத்தட்ட வற்றிவிட்டது. எந்த மேடு கொஞ்சம் துருத்திக்கொண்டு நின்றதோ அதற்கு மட்டும் முதலில் செம்பு கிடைத்தது, அது இன்னும் வளர்ந்தது. தூளும் கிளையும் அப்படி வந்தவை. கூடவே ஹைட்ரஜன் குமிழிகளும். அன்றிலிருந்து தகட்டின் நிறம்தான் எனக்கு அம்மீட்டர்.

வேதிக்கிறுக்கு:

ஐயா சொன்னதை ஒரு படி மேலே கொண்டுபோகிறேன். இந்த இழையில் நான் சொல்ல விரும்பும் ஒரே விஷயமும் இதுதான்: *மின்னோட்டத்தைச் சுமப்பது யார்* என்பது ஒரு கேள்வி, *மின்வாயில் வினைபுரிவது யார்* என்பது வேறு கேள்வி. இரண்டுக்கும் ஒரே பதில் என்று நினைப்பதில்தான் எல்லாக் குழப்பமும் தொடங்குகிறது.

செம்பு சுத்திகரிப்புத் தொட்டியில் காப்பர் சல்பேட்டோடு கந்தக அமிலமும் நிறைய இருக்கும். ஹைட்ரஜன் அயனியின் இயங்குதிறன், அதாவது ஒரே புலத்தில் நகரும் வேகம், செம்பைப் போல ஆறு மடங்குக்கும் மேல். அங்கே மின்னோட்டத்தின் பெரும்பகுதியைச் சுமப்பது ஹைட்ரஜன் அயனி. எதிர்மின்வாயில் படிவதோ செம்பு! செம்பு அயனிக்குப் புலத்தின் தள்ளல் மிகச் சொற்பம். அது தகட்டுக்கு வருவது விரவலாலும் கரைசலின் ஓட்டத்தாலும்.

சோடியம் சல்பேட் கரைசலை மின்பகுத்தால் சோடியமும் சல்பேட்டும்தான் சுமக்கின்றன. வினைபுரிவதோ தண்ணீர். ஒரு பக்கம் ஹைட்ரஜன், மறுபக்கம் ஆக்சிஜன். சோடியம் எதிர்மின்வாய் வரை வருகிறது, ஆனால் படிவதில்லை. அங்கே தண்ணீர் உடைந்து பிறந்த ஹைட்ராக்சைடுக்கு மின்னூட்டத் துணையாக நிற்கிறது, அவ்வளவுதான். காரத்தில் நீலமும் அமிலத்தில் மஞ்சளும் காட்டும் புரோமோதைமால் புளூ என்ற நிறங்காட்டியைச் சேர்த்துப் பார்த்தால் எதிர்மின்வாயைச் சுற்றி நீலமும் நேர்மின்வாயைச் சுற்றி மஞ்சளும் வரும்.

இதையெல்லாம்விட என்னை உலுக்கியது வெள்ளி முலாம். பழைய சயனைடுத் தொட்டியில் வெள்ளி இரண்டு சயனைடுகளோடு சேர்ந்து ஓர் *எதிர்* அயனியாக இருக்கிறது. புலம் அதை எதிர்மின்வாயிலிருந்து விலக்கி அப்பால் தள்ளுகிறது. ஆனாலும் வெள்ளி படிவது எதிர்மின்வாயில்தான். புலத்தின் திசைக்கு எதிராக விரவி வந்து படிகிறது. அலுமினியம் எடுக்கும் கலத்திலும் கதை இதுவே. சுமார் 950 டிகிரியில் உருகிய கிரையோலைட்டில் அலுமினியம் இருப்பது புளோரைடு, ஆக்சைடு சேர்ந்த எதிர் அயனிகளாக. மின்னோட்டத்தைச் சுமப்பது பெரும்பாலும் சோடியம் அயனி. எதிர்மின்வாயில் சேர்வது அலுமினியம்.

"எதிர்மின்வாய் நேர் அயனியை இழுக்கிறது, அதனால் அது அங்கே படிகிறது" என்ற வாக்கியத்தை வைத்துக்கொண்டு இவற்றில் ஒன்றையாவது விளக்க முடியுமா சொல்லுங்கள்.

கம்பிவழி:

வெள்ளி விஷயம் தெரியாது. படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரு சந்தேகம்: ஹைட்ரஜன் அயனிக்கு மட்டும் ஏன் அவ்வளவு வேகம்? அதுதான் எல்லாவற்றிலும் சிறியது என்பதாலா?

வேதிக்கிறுக்கு:

சிறியதாக இருந்தால் வேகம் என்றால் லித்தியம் பொட்டாசியத்தை முந்த வேண்டும். உண்மையில், முன்பு சொன்ன அதே புலத்தில், நொடிக்கு லித்தியம் 4 மைக்ரோமீட்டர், சோடியம் 5.2, பொட்டாசியம் 7.6. சின்ன அயனி தன்னைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகளை இறுக்கமாகக் கட்டிப் பிடித்துக்கொள்கிறது. அந்த மூட்டையோடு சேர்த்து நகர வேண்டியிருப்பதால் மெதுவாகிவிடுகிறது.

ஹைட்ரஜன் அயனிக்கு 36. சோடியத்தைப் போல ஏழு மடங்கு. அது மூட்டை தூக்கிக்கொண்டு நடப்பதே இல்லை. ஒரு தண்ணீர் மூலக்கூறில் இருக்கும் புரோட்டான் ஹைட்ரஜன் பிணைப்பு வழியாக அடுத்த மூலக்கூறுக்குத் தாவுகிறது, அதிலிருந்து *வேறொரு* புரோட்டான் அடுத்ததற்கு. கைமாற்றிக் கைமாற்றிச் செங்கல் அனுப்புவார்களே, அப்படி. ஆள் நின்ற இடத்திலேயே நிற்கிறார், செங்கல் போய்ச் சேருகிறது. இதில் கொடுத்த செங்கல்லும் வாங்கிய செங்கல்லும் கூட வேறு. ஹைட்ராக்சைடின் 20.6க்கும் ஏறக்குறைய இதே காரணம்.

இதன் பெயர் குரோத்துஸ் முறை. 1800இல் நிக்கல்சனும் கார்லைலும் வோல்ட்டாவின் அடுக்கை, அதாவது அந்தக் கால பேட்டரியை, வைத்துத் தண்ணீரைப் பிரித்தார்கள். ஹைட்ரஜன் ஒரு கம்பியிலும் ஆக்சிஜன் தள்ளியிருந்த இன்னொரு கம்பியிலும் வந்தது எல்லோரையும் குழப்பியது. ஒரே மூலக்கூறு உடைந்தால் இரண்டும் ஒரே இடத்தில் அல்லவா வர வேண்டும்? மூலக்கூறுகள் சங்கிலியாக நின்று பங்காளிகளை மாற்றிக்கொள்கின்றன என்று 1806இல் குரோத்துஸ் விளக்கம் எழுதினார். அயனி என்ற சொல்லே பிறக்காத காலம். உப்புகளுக்கு அந்த விளக்கம் நிற்கவில்லை, ஆனால் தண்ணீரில் புரோட்டானுக்கு அவர் காட்டிய திசை சரிதான்.

சும்மாகேட்கிறேன்:

கரைத்த உடனேயே உப்பு அயனிகளாகப் பிரிந்துவிடுகிறதா, இல்லை மின்சாரம் பாய்ந்த பிறகா?

இயற்பியல்பக்கம்:

கரைத்த உடனே. மின்சாரம்தான் பிரிக்கிறது என்று ஃபாரடே காலத்தில் நினைத்தார்கள். மின்சாரம் இல்லாமலே பிரிந்திருக்கிறது என்ற எண்ணத்தை 1884இல் தன் முனைவர் ஆய்வில் தொடங்கி 1887இல் தெளிவாக முன்வைத்தவர் அரேனியஸ். அந்த ஆய்வேட்டுக்குக் கிடைத்தது குறைந்த தரம். 1903இல் அதே வேலைக்கு நோபல் பரிசு.

மாணவி_பன்னிரண்டு:

என் மூன்றாவது கேள்வியை யாரும் தொடவில்லையே. டேனியல் கலம்...

இயற்பியல்பக்கம்:

மறக்கவில்லை தங்கையே. அதை அவசரமாக எழுதக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன்.

முதல் பிரச்சினை சொல்லிலேயே இருக்கிறது. ஆனோடுக்கு நேர்மின்வாய் என்றும் கேத்தோடுக்கு எதிர்மின்வாய் என்றும் தமிழில் எழுதிப் பழகிவிட்டோம். மின்பகுப்புக் கலத்தில் அது பொருந்தும். மின்சாரம் தரும் கலத்தில் ஆனோடுதான் எதிர் முனை. அங்கே "நேர்மின்வாய் எதிர் முனை" என்று எழுத வேண்டி வரும், படிப்பவர் தலை சுற்றும். ஆகவே இனி ஆனோடு, கேத்தோடு என்றே சொல்கிறேன். ஆக்சிஜனேற்றம் நடக்கும் இடம் ஆனோடு, ஒடுக்கம் நடக்கும் இடம் கேத்தோடு. இது எந்தக் கலத்திலும் மாறாது. நேரா எதிரா என்பது மாறும்.

இரண்டாவது, அயனிக்குத் தகட்டின் குறி தெரியாது. அதற்குத் தெரிவதெல்லாம் தான் நிற்கும் இடத்தில் உள்ள புலம் மட்டுமே. தகட்டுக்கும் கரைசலுக்கும் இடையில் உள்ள மின்னழுத்த வேறுபாட்டின் பெரும்பகுதி, தகட்டை ஒட்டிய ஒரு நானோமீட்டர் அளவு அடுக்குக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. அரை வோல்ட் என்றாலும் அந்தத் தடிமனில் மீட்டருக்கு 50 கோடி வோல்ட் புலம். அந்த அடுக்கைத் தாண்டி வெளியே நிற்கும் அயனிக்குத் தகட்டின் மின்னூட்டம் மறைக்கப்பட்டுவிடுகிறது. "தகடு தூரத்திலிருந்து இழுக்கிறது" என்ற படம் இங்கேதான் உடைகிறது.

அப்படியானால் நடுக்கரைசலில் புலம் எங்கிருந்து வருகிறது? டேனியல் கலத்தில் துத்தநாகம் கரைந்து நேர் அயனிகளைக் கரைசலுக்குள் விடுகிறது. அந்தப் பக்கக் கரைசலில் கண்ணுக்கே தெரியாத அளவு நேர் மின்னூட்டம் கூடுகிறது. செம்புப் பக்கம் செம்பு அயனிகள் கரைசலைவிட்டு நீங்குகின்றன, அங்கே அதே அளவு நேர் குறைகிறது. ஆகவே *கரைசலுக்குள்* ஆனோடு பக்கம் மின்னழுத்தம் சற்று அதிகம், கேத்தோடு பக்கம் சற்றுக் குறைவு. நேர் அயனி அதிகத்திலிருந்து குறைவுக்கு நகர்கிறது, அதாவது கேத்தோடை நோக்கி. தகட்டின் குறி நேராக இருந்தாலும் கரைசலுக்குள் சரிவு அந்தப் பக்கம்தான்.

மின்பகுப்புக் கலத்திலும் இதே சரிவு, இதே திசை. அங்கே வெளியிலிருந்து மின்னோட்டத்தைத் திணிக்கிறோம், இங்கே வினை தானாக நடக்கிறது. வேறுபாடு அவ்வளவே. இரண்டிலும் கலத்துக்குள் மின்னோட்டம் ஆனோடிலிருந்து கேத்தோடுக்குப் போகிறது. நேர் அயனி கேத்தோடுக்கு, எதிர் அயனி ஆனோடுக்கு.

பழைய_ஆய்வகம்:

இந்தப் பெயர்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன், இடம் பொருந்தி வருகிறது. 1834இல் ஃபாரடே, கேம்பிரிட்ஜின் ஹ்யூவெல் என்ற அறிஞரிடம் கடிதம் எழுதிக் கேட்டு வாங்கிய சொற்கள் இவை. நேர், எதிர் என்ற குறியைச் சாராத பெயர் வேண்டும் என்பதே ஃபாரடேயின் கவலை. ஆனோடு என்றால் கிரேக்கத்தில் மேலே போகும் வழி, கேத்தோடு கீழே இறங்கும் வழி. மின்னோட்டம் கிழக்கிலிருந்து மேற்காகப் போவதாகக் கலத்தை வைத்துக்கொண்டு, சூரியன் ஏறும் பக்கம் ஒன்று, இறங்கும் பக்கம் மற்றொன்று என்று பார்த்தார்கள். குறி வேண்டாம் என்று பாடுபட்டு வைத்த பெயருக்கு நாம் நேர், எதிர் என்று குறியைப் போட்டு மொழிபெயர்த்துவிட்டோம்.

அயான் என்றால் "போவது". தட்சிணாயனம், உத்தராயணம் என்கிறோமே, அந்த அயனத்துக்கும் இதற்கும் மூலத்தில் ஒரே வேர், போதல் என்ற பொருளில். அந்த வகையில் அயனி என்ற சொல் தமிழ் வாயில் நன்றாகவே உட்கார்ந்திருக்கிறது.

கம்பிவழி:

தங்கைக்கு ஒரு யோசனை. இதையெல்லாம் கண்ணால் பார்க்க, பொட்டாசியம் பெர்மாங்கனேட்டு வைத்து ஒரு சோதனை உண்டு. எதிர் அயனிக்கே நிறம் இருப்பதால் அது நகர்வது தெரியும். வடிதாள் கீற்றை உப்புக்கரைசலில் நனைத்து, நடுவில் ஒரு படிகம்.

வேதிக்கிறுக்கு:

சாதாரண உப்பு வேண்டாம், ஆனோடில் குளோரின் வரும். பொட்டாசியம் நைட்ரேட்டில் நனையுங்கள். ஒரே ஒரு சிறு படிகம் போதும், இடுக்கியால் எடுங்கள், கையில் பட்டால் பழுப்புக் கறை போக நாளாகும். தாள் காயாமல் இருக்க மேலே ஒரு கண்ணாடித் துண்டை வைத்துவிடுங்கள். ஆசிரியர் யாராவது கூட இருக்கட்டும்.

மாணவி_பன்னிரண்டு:

செய்துவிட்டேன்! வேதியியல் ஆசிரியை அருகில் இருந்தார்.

9 வோல்ட் பேட்டரி இரண்டைத் தொடராக இணைத்து 18 வோல்ட். கிளிப்புகளுக்கு நடுவில் 6 சென்டிமீட்டர். படிகத்துக்கு நேராகப் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டேன். முதல் இரண்டு நிமிடம் ஒன்றும் இல்லை, வெறும் ஊதாப் புள்ளி. அப்புறம் புள்ளி நீள ஆரம்பித்தது. நேர் முனைப் பக்கம் நாக்கு மாதிரி. 15 நிமிடத்தில் கோட்டிலிருந்து 9 மி.மீ. போயிருந்தது.

கணக்கும் போட்டேன். பெர்மாங்கனேட்டின் இயங்குதிறன்படி சென்டிமீட்டருக்கு 1 வோல்ட்டில் நொடிக்கு 6.3 மைக்ரோமீட்டர். என் தாளில் சென்டிமீட்டருக்கு 3 வோல்ட், ஆகவே நொடிக்கு 19. 15 நிமிடத்துக்கு 17 மி.மீ. வர வேண்டும். எனக்குப் பாதிதான் வந்தது. எங்கே தவறு?

இன்னொன்று. எதிர் முனைப் பக்கமும் ஊதா 2 மி.மீ. போயிருக்கிறது. அது போகவே கூடாதே?

இயற்பியல்பக்கம்:

தவறே இல்லை, அருமையான அளவீடு. 18 வோல்ட்டும் தாளுக்குக் கிடைப்பதில்லை. இரண்டு முனைகளிலும் தண்ணீரை உடைக்கவே சுமார் 2 வோல்ட் போய்விடும். மிச்சத்தில் கணக்கிட்டால் 15 மி.மீ. அதற்கு மேல், தாளின் இழைகளுக்கு நடுவில் அயனி நேர்க்கோட்டில் போக முடியாது. வளைந்து வளைந்துதான் போகும். உங்கள் அளவுகோல் நேர்க்கோட்டை அளக்கிறது. 17 மி.மீ. என்பது மிக நீர்த்த கரைசலுக்கான எண் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 9 வந்தது நியாயமே.

பின்பக்கம் போன 2 மி.மீ.யை நீங்களே சொல்லிவிடலாம். பழைய ஆய்வகம் ஐயா சொன்ன மூன்று வழிகளை நினைத்துப் பாருங்கள்.

மாணவி_பன்னிரண்டு:

விரவல்! புலத்துக்கு எதிராக. வெள்ளி முலாம் மாதிரியே!

பேட்டரியைக் கழற்றிவிட்டு இன்னொரு தாளில் படிகம் மட்டும் வைத்திருக்கிறேன். 15 நிமிடம் ஆகட்டும், எல்லாப் பக்கமும் அதே 2 மி.மீ. வருகிறதா என்று அளந்துவிட்டு வருகிறேன்.

பழைய_ஆய்வகம்:

அளக்கும்போது படிகத்தின் விளிம்பிலிருந்து அளக்காதே, நடுவிலிருந்து அள. இரண்டு தாளுக்கும் ஒரே இடத்திலிருந்து அளந்தால்தான் ஒப்பிட முடியும். தாளின் ஈரமும் ஒன்றாக இருக்கட்டும்.

மாணவி_பன்னிரண்டு:

சரி ஐயா. வட்டமாக வந்திருக்கிறது. நடுவிலிருந்து எல்லாப் பக்கமும் 2 மி.மீ., ஒரு பக்கம் மட்டும் தாள் கொஞ்சம் காய்ந்திருந்ததால் ஒன்றரை.